எங்கள் ஊரில் சமாதானம் வந்த விதம்

ஊரில் சமாதானம் பேசி முடித்தது யார் என்று கேட்டால், பங்குச் சாமியாருக்கு அடுத்தபடி என்னைத்தான் சொல்வார்கள். "டீச்சரம்மா இல்லன்னா நடந்திருக்காது" என்று என் காதுபடவே பேசுவார்கள். அதைக் கேட்கிற போதெல்லாம் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கும். ஆனால் ஒளிந்துகொள்வதில்லை. சிரித்துக்கொண்டே "எல்லாம் மாதா செயல்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். மாதா தலையில் பழியைப் போடுவது எனக்குப் புதுசில்லை.

நான் குடியிருப்பது கடலூர் செம்மண்டலத்தில். பிறந்த ஊர் சிதம்பரம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கடல் பக்கம் உள்ளே போக வேண்டும். ஊரில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவர்கள். ஒரே கோயில், ஒரே மாதா, ஒரே பூசை. ஆனால் இருப்பிடம் ரெண்டு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், ஊர்த்தெரு. அந்தப் பக்கம் காலனி. ஞானஸ்நானம் வாங்கிவிட்டால் எல்லாரும் ஒன்று என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அதற்கென்றே வாராவாரம் பஸ் ஏறிப் போவேன். சொல்லிக்கொடுத்துவிட்டு அம்மா வீட்டுக்கு, ஊர்த்தெருப் பக்கம் நடப்பேன். என்னோடு சேர்ந்து சொல்லிக்கொடுத்த இன்னொருத்தி பாலத்தைத் தாண்டிக் காலனிப் பக்கம் நடப்பாள். இதில் ஒரு வினோதமும் இருப்பதாக எனக்குப் பட்டதே கிடையாது.

அவள் என்னைவிடச் சின்னவள். என்னை டீச்சர் என்பாள், வாங்க போங்க என்பாள். நான் அவளை வாடி போடி என்பேன். உரிமையில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கிறவர். என் தம்பியோடு ஒன்றாகப் படித்தவர். நெய்வேலி, வடலூர் என்று எங்கே புது வீடு எழும்பினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். சாரத்தின் மேல் நின்று கையை நீட்டி அடித்தால் கோடு கோணாது என்று எங்கள் வீட்டுக்கே அவர்தான் பெயின்ட் அடித்தார். வேலை நடந்த நாளெல்லாம் அம்மா அவருக்கு வாசலில் வைத்துத்தான் சாப்பாடு போட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

எங்கள் மாதா தேர் பிரமாதமான ரதமெல்லாம் இல்லை. சக்கரம் வைத்த மரத்தேர், சுற்றிலும் சீரியல் செட், பின்னால் ஜெனரேட்டர் வண்டி. முன்னால் நாலைந்து பேர் நீளச் சவுக்குக் கழியோடு போவார்கள். கரண்டை நிறுத்திவிட்டு, தாழ்வாகத் தொங்குகிற கம்பியைக் கழியால் தூக்கிப் பிடித்தால்தான் தேர் அடியில் நுழையும். ஊர்த்தெரு, கடைத்தெரு சுற்றிக்கொண்டு தேர் கோயிலுக்குத் திரும்பிவிடும். வாய்க்கால் பாலத்தைத் தாண்டாது. ஏன் தாண்டாது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், அந்தப் பக்கம் கம்பி ரொம்பத் தாழ்வு என்போம். கம்பியைத் தூக்கத்தானே கழி வைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் திருப்பிக் கேட்டதில்லை.

ஒரு வருஷம் காலனிக்காரர்களே கேட்டார்கள்.

பொழுது சாய்ந்து, விளக்கெல்லாம் போட்டிருந்த நேரம். தேர் பாலத்து முனைக்கு வந்ததும் காலனியிலிருந்து ஒரு கூட்டம் முன்னால் வந்து நின்றது. பெயின்ட்காரர்தான் தேரின் முன்கட்டையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "இந்த ஒரு வருசம் திருப்புங்கப்பா. எங்க வூட்டுப் பொம்பளைங்களும் மெழுவத்தி ஏத்தி வச்சிகிட்டு வாசல்லதான் நிக்கிறாங்க" என்றார். கெஞ்சலாகத்தான் கேட்டார். கட்டையிலிருந்து கையை எடு என்று இங்கிருந்து ஒருத்தன் கத்தினான். அவர் எடுக்கவில்லை. என் தம்பி கையில் கழி இருந்தது. ஓங்கி ஒரு போடு போட்டான். அது முழங்கையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போகிற பெண்கள் வரிசையில் முதல் ஆளாக, தேருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். சீரியல் செட் வெளிச்சத்தில் அந்த இடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தம்பி முகம் தெரிந்தது. கழி இறங்கியது தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சாய்ந்ததும் தெரிந்தது. நான் என்ன செய்தேன் என்றால், "பிள்ளைங்களக் கூட்டிகிட்டுப் போறேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். எந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். ரெண்டு பக்கமும் கல் பறந்தது, போலீஸ் வந்தது, தாசில்தார் ஆபீசில் அமைதிக் கூட்டம் போட்டுத் தேரே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தேர் கொட்டகைக்குள் போனது. வருஷக்கணக்கில் வெளியே வரவில்லை. கல் வீச்சுக் கேசுகள் ஒவ்வொன்றாக அமுங்கின. கை உடைந்த கேஸ் மட்டும் என் தம்பி பேரில் சிதம்பரம் கோர்ட்டில் நின்றது. விசாரித்த போலீஸ்காரர் என் பக்கம் வரவே இல்லை. நானும் அவர் பக்கம் போகவில்லை.

பெயின்ட்காரர் கை கூடியது, ஆனால் முழங்கை மடங்கினபடியே நின்றுவிட்டது. நீட்ட முடியாது, மடக்க முடியாது. பெயின்ட் வேலை போய், குடிகாட்டுப் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அவர் மனைவி மறைக்கல்வி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எல்லாரும் ஒன்று என்று நான் தனியாகவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு புதுப் பங்குச் சாமியார் வந்தார். வயது குறைவு, வேகம் ஜாஸ்தி. நல்ல மனுஷர், அவரை நான் குறை சொல்லமாட்டேன். வந்த கொஞ்ச நாளிலேயே ரெண்டு பக்கத்து ஆட்களையும் கோயில் ஹாலில் உட்கார வைத்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் சேர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சேரில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பல கூட்டம் பேசி, கடைசியில் எங்கள் ஆட்கள் இறங்கி வந்தார்கள். தேர் எல்லாத் தெருவுக்கும் போகட்டும், ஆனால் அந்தக் கேஸ் முடிய வேண்டும் என்றார்கள். கேஸை வைத்துக்கொண்டு சமாதானம் எப்படி என்று அவர்கள் கேட்டபோது ஹாலில் எல்லாருமே தலையை ஆட்டினார்கள். காலனிக்காரர்களிலும் பாதிப் பேர் ஆட்டினார்கள். தேர் வருகிறதே.

பெயின்ட்காரரிடம் யார் போய்ச் சொல்வது என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தம்பி அப்போது ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆபரேட்டராக இருந்தான். பெர்மனென்ட் ஆகிற நேரம். போலீஸ் வெரிஃபிகேஷன் வரும், கேஸ் இருந்தால் அவ்வளவுதான். என் வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா போன பிறகு அவனுக்கு நான்தான் எல்லாம். ஊர் நல்லா இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது நிஜம். தம்பி தப்பிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் நிஜம். எது பெரிசு என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும்.

கடலூரில் ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை அவள் வீட்டுக்குள் கால் வைத்தேன். அவள் சேரைத் துடைத்துப் போட்டாள். கடையிலிருந்து மூடி திறக்காத கூல்டிரிங்ஸ் பாட்டில் வாங்கிவரச் செய்து நீட்டினாள். எங்கள் பக்கத்து ஆட்கள் வந்தால் அப்படித்தான் கொடுப்பார்கள். வீட்டில் போட்டதைக் குடிக்கமாட்டோம் என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட முடிவு, நாங்கள் மறுத்துச் சொல்லாத முடிவு. நானும் மறுக்காமல் வாங்கிக் குடித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெயின்ட்காரர் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் இன்னா சொல்லணும் டீச்சர் கோர்ட்டுல?"

"இருட்டுல யாருன்னு தெரியலன்னு சொன்னாப் போதும்பா."

"இருட்டுலயா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"கூட்டம்... தள்ளுமுள்ளு... அதுல யாருன்னு கவனிக்கலன்னு சொல்லலாம்" என்றேன். "தேர் உங்க தெருவுக்கு வருது. உங்க புள்ளைங்க காலத்துல இந்தச் சண்டையே இருக்காது. அதுக்கு மேல நான் இன்னாப்பா சொல்றது."

அவள் குறுக்கே வந்தாள். "அவுரு கைக்கு இன்னா டீச்சர் பதிலு?" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். அவர்தான் அவளைக் கையமர்த்தினார். "சரி டீச்சர். நீங்களே வந்து கேக்கிறீங்க" என்றார். எனக்குக் கொடுக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன். பாலத்தைத் தாண்டும்போது மனசு லேசாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

சிதம்பரம் கோர்ட்டுக்கு அவரும் நாங்களும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். சாமியாருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கூண்டில் ஏறுவதற்கு முன்னால் பெயின்ட்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். வலது கை நெற்றிக்கு எட்டாது, இடது கையால் போட்டுக்கொண்டார். கடவுள் மேல் ஆணையாக நான் சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னார். யார் அடித்தது என்று கேட்டதற்கு, "இருட்டா இருந்திச்சிங்க, தெரியலிங்க" என்றார். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தேன். இத்தோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

முடியவில்லை. அவர் பேச்சு மாற்றுகிறார் என்று தெரிந்ததும் அரசு வக்கீல் விடவில்லை. "அப்ப போலீசுல இவரு பேரச் சொன்னீங்களே, அது பொய்யா?" என்றார். வக்கீல் சத்தம் போட்டுத் திரும்பக் கேட்டார். "ஆமாங்க, பொய்தாங்க" என்றார். "அப்ப கை எப்படி ஒடைஞ்சது?" என்றார் வக்கீல். "கூட்டத்துல தடுக்கி வுழுந்துட்டேங்க." ஊர் அறிய உண்மை சொன்ன மனுஷர் அத்தனை பேர் முன்னால் தன்னைப் பொய்யன் என்று சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்ல வேண்டிவரும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அங்கே அந்த அறையில், நடந்ததைப் பார்த்த ஆள் ஒருத்தி பின் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும் மேல வீதியில் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். தம்பி அவருக்கு எதிரில் உட்கார்ந்தான். வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளி, "சாப்புடு மச்சான்" என்றான். எங்கள் தெருவில் பிறந்த ஒருத்தன் காலனிக்காரரை மச்சான் என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தானே இத்தனை பாடும் என்று நினைத்தேன். வலது கை வாய்க்கு வராததால் அவர் தட்டுக்கு மேல் முகத்தைக் குனித்துச் சாப்பிட்டார். நான் வீதியில் போகிற வண்டிகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நாளில் தம்பிக்கு விடுதலை ஆனது. வேலையும் பெர்மனென்ட் ஆனது.

தேரைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. தேர் போனது, நன்றாகவே போனது. பாலத்தைத் தாண்டிக் காலனிக்குள் திரும்பியபோது வாசலுக்கு வாசல் பெண்கள் மெழுகுவத்தியோடு நின்றார்கள். ஒரு அம்மாள் சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் தெரு ஆட்களில் சிலர் பாலத்தோடு நின்றுவிட்டாலும், நிறைய பேர் உள்ளே வந்தார்கள். அந்தத் தெருவில் கம்பி மற்ற தெருவைவிட ஒன்றும் தாழ்வாக இல்லை. அன்றைக்கு நான் அழுத அழுகையில் பாதியாவது நல்ல அழுகைதான்.

பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்கிற இடம் ஒன்று வரும். எங்கள் கோயிலில் கைகூப்பிக் குனிவோம். எப்போதும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் திரும்புவோம், நடுப்பாதை தாண்டித் திரும்பமாட்டோம். தேர் ஓடிய பிறகு நடுப்பாதை தாண்டியும் கும்பிட ஆரம்பித்தார்கள். தம்பி பெயின்ட்காரரைப் பார்த்துக் கும்பிடுவான், அவரும் கும்பிடுவார். அதோடு சரி. நன்மை வாங்க, அதாவது சாமியார் கையிலிருந்து திவ்ய அப்பம் வாங்க, எல்லாரும் எழுந்து பீடத்துக்கு வரிசையாகப் போகும்போது தம்பி முன்னால் நிற்பான். அவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார். வாராவாரம் அப்படித்தான். வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட நன்மை தவறாத ஆள் அவர்.

எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், கோபம். மனசில் வன்மம் இருந்தால் நன்மை வாங்கக்கூடாது, அதனால்தான் வாங்கவில்லை என்று கணக்குப் போட்டேன். "தேரையே விட்டுக்குடுத்தோம், இன்னும் மனசு எறங்கல பாருங்க" என்று ரெண்டு மூன்று பேரிடம் சொன்னேன். பங்குச் சாமியாரிடமும் சொன்னேன். எங்கள் வீட்டுச் சொத்தை எடுத்துக்கொடுத்த மாதிரிப் பேசினேன்.

தம்பி தன் மகள் முதல்முதலாக நன்மை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து வைத்தான். இப்போதெல்லாம் காலனியிலிருந்தும் கூப்பிடுகிறோம், பெயின்ட்காரர் மனைவியும் பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவர் வரவில்லை, டியூட்டி என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வடலூரிலிருந்து வந்த தம்பியின் மாமனார், "இன்னா மாப்ள, உன் மேல இருந்த கேசு இன்னா ஆச்சி?" என்றார்.

"அது பொய்க் கேசு மாமா" என்றான் தம்பி. "தடுக்கி வுழுந்துட்டு என் பேரச் சொல்லிட்டான். அப்புறம் அவனே கோர்ட்டுல வந்து, பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டான். நான்தான் போனாப் போவுதுன்னு வுட்டுட்டேன். வேணும்னா அக்காவ கேளுங்க, அக்காவும் கோர்ட்டுல இருந்திச்சி."

அவன் நடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டிருந்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விருந்து வீடு, சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள், குழந்தை வெள்ளை கவுனில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "ஆமா, கோர்ட்டுல அப்படித்தான் சொன்னாரு" என்றேன். அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் இலையை மூடிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினாள்.

தவக்காலம் வந்தது. பெரிய வியாழனுக்கு முன்னால், அவரவர் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க வெளியூரிலிருந்து ஒரு சாமியாரைக் கூப்பிடுவது வழக்கம். நான் போனபோது வரிசை கோயில் வாசல் வரை வந்துவிட்டிருந்தது. அவள் வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தாள். விருந்துக்குப் பிறகு அவளை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். பேசாமல் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாய் சும்மா இருக்காதே.

"நீ வரிசையில நிக்கலியா?"

"அவுரு உள்ள இருக்காரு டீச்சர்" என்றாள்.

"பரவால்லையே. இப்பவாவது மனசு எறங்குச்சா?" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எறங்கறதுக்கு இன்னா இருக்கு? கடவுள் மேல ஆணையிட்டுப் பொய் சொல்லிட்டேன், பொய்ச்சத்தியம் பண்ண நாக்குல எப்படி நன்மை வாங்கறதுன்னு நின்னுட்டாரு. நானும் சொல்லிப் பாத்தேன், கேக்கல."

"நம்ம சாமிகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அவுருகிட்ட எப்படிச் சொல்லுவாரு? சமாதானம் பண்ணி வச்சதே அவுருதான? அவுரு மனசு கஷ்டப்படுமேன்னு வெளியூரு சாமியாரு வர்ற வரைக்கும் காத்துகிட்டு கெடந்தாரு."

அடித்தவன் ஞாயிறு தவறாமல் நாக்கை நீட்டி நன்மை வாங்கிக்கொண்டிருந்தான். அவனை விடுதலை செய்ததால் அவனுக்குச் சொல்ல ஒரு பாவமும் இல்லை. அடிபட்டவர், பாவம் தன்னுடையது என்று மாதக்கணக்கில் சாமியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நான் அதை வன்மம் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு வெட்கம் என்று சொன்னால் போதாது. அந்த மரத்தடியில் நிற்கவே அருகதை இல்லை என்று தோன்றியது.

அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும், "ஸ்தோத்திரம் டீச்சர்" என்றார், எப்போதும் போல. அவள், "ரொம்ப நேரம் ஆயிடிச்சே" என்றாள்.

"சாமியாரு ஒண்ணு கேட்டாரு" என்றார் அவர், அவளுக்குச் சொல்கிற மாதிரி. "உன் பொய்யால யாருக்காச்சும் நஷ்டம்னா அதச் சரி பண்ணணும், யாருக்கு நஷ்டம்னு கேட்டாரு. எனக்குத்தான் சாமின்னேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "நான் பாத்தேன்பா" என்றேன். "தம்பி அடிச்சத நான் என் கண்ணால பாத்தேன். தெரிஞ்சிதான் உன்னப் பொய் சொல்லச் சொன்னேன்." அவ்வளவு நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் அதிர்ந்துபோவார், கோபப்படுவார், ஒருவேளை மன்னிப்பார் என்றெல்லாம் அந்த நொடியில் எதிர்பார்த்தேன்.

"தெரியும் டீச்சர்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கீழ வுழுந்தப்ப நேரா உங்க மூஞ்சிதான் தெரிஞ்சிது. டீச்சர் பாத்துட்டாங்க, படிச்சவங்க, அவங்க சொல்லிடுவாங்கன்னு நெனச்சிகிட்டேதான் ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன்."

ஸ்வீட் பாக்ஸோடு அவர் வீட்டில் உட்கார்ந்து, இருட்டு என்று நான் சொன்னபோது அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டேதான் எனக்குச் சரி சொல்லியிருக்கிறார். நான் அழ ஆரம்பித்தேன். அவள் என் தோளைத் தொட வந்து, தொடாமல் நின்றாள். "என்ன மன்னிச்சிடுப்பா" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி இன்னா டீச்சர் ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதான்" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "தெரியாதவங்கதான் ஊரு பூரா இருக்காங்க. என் புள்ளைய ஸ்கூல்ல, பொய்க் கேசு போட்டவன் மவன்னு கூப்புடுறாங்களாம். முடிஞ்சா அவங்ககிட்ட சொல்லுங்க." சொல்லிவிட்டு அவளோடு பாலத்துப் பக்கம் நடந்தார்.

சொல்கிறேன் என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பாவசங்கீர்த்தன வரிசை பாதியாகக் குறைந்திருந்தது, ஆனால் அதில் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. முதலில் ஊரில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அப்புறம் வந்து முட்டி போடலாம் என்று நிஜமாகவே நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தம்பி பைக்கோடு காத்திருந்தான். "ஏறுக்கா, பஸ் ஸ்டாப்புல வுட்டுடறேன். வெயில்ல நடக்காத" என்றான். ஏறினேன். கடைத்தெருவில் அவன் சினேகிதர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், வண்டியை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தான். ஊர்த்தெரு ஆட்கள், பொய்க் கேஸ் என்று அவன் சொல்லிக் கேட்டவர்கள், எல்லாரும் எனக்குத் தெரிந்த பிள்ளைகள். நாலு பேருக்கு நானே மறைக்கல்வி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்ல வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் இல்லை.

"இன்னா டீச்சர், கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?" என்று அதில் ஒருத்தன் அக்கறையாகக் கேட்டான். தம்பியும் திரும்பிப் பார்த்தான்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வர்றேன்ப்பா" என்றேன்.

அவர்கள் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். தம்பி வண்டியைக் கிளப்பினான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.